பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் எங்கே போனது?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய பின்பால் மெஷின் ஒன்றைப் பிரித்து மாட்டிய கதையை நாலு வரி எழுதியிருந்தேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நம் பக்கம் இந்த மெஷின் அபூர்வம்தான். ஆனாலும் தூத்துக்குடி துறைமுகம் வழியாகப் பழைய சாமான்களோடு வந்தது, பெங்களூரில் ஒரு கிளப் மூடியபோது வாங்கியது, குற்றாலம் சீசன் கடைக்காகக் கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றி வந்தது என்று அங்கங்கே ஒன்றிரண்டு இருக்கின்றன போல. பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடி மூடிய சரிவான பலகை, அதில் ஓடுகிற எஃகு குண்டு, குண்டு கீழே விழாமல் தட்டிவிட இரண்டு ஃப்ளிப்பர், பலகை முழுக்கவும் பின்னால் நிற்கும் பெட்டியிலும் விளக்கு. வெளிச்சம் போனால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளக்கைப் பற்றித்தான் என்பதால் இந்தத் தடவை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். மிக்ஸி, கிரைண்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அண்ணாச்சி, குற்றாலத்தில் சீசன் கடை வைத்திருக்கிறோம். 1990களில் வந்த அமெரிக்க மெஷின். ஆட்டம் ஓடுகிறது, பாயிண்ட் ஏறுகிறது, சத்தம் வருகிறது. ஆனால் பலகையின் இடது பாதி முழுக்க இருட்டு. அந்தப் பக்கத்துப் பல்பு பதினாறையும் புதிதாக மாற்றிவிட்டோம், அப்படியும் எரியவில்லை. பார்க்க வந்தவர் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்கிறார். புது போர்டு வாங்கத்தான் வேண்டுமா?
— தென்காசி வாசகர்

வாங்காதீர்கள் தம்பி. பதினாறு பல்பும் ஒரே நாளில் சாகாது. ஒன்றாக அணைந்தால் அவை ஒன்றாகச் சேருகிற இடத்தில்தான் கோளாறு.

இந்த மெஷினில் விளக்கு இரண்டு ஜாதி. ஆட்டத்துக்கு ஏற்றபடி எரிந்து அணைகிறவை ஒன்று, அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றது எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற பொது வெளிச்சம், உங்களுக்குப் போனது இதுதான். இதற்கு ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து 6.3 வோல்ட் ஏசி வருகிறது, அந்தக் கால வால்வு ரேடியோவில் வால்வைச் சூடேற்றக் கொடுப்பார்களே அதே 6.3. இதை நாலைந்து வரிசையாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு ஃபியூஸ் வைத்து, போர்டிலிருந்து கனெக்டர் வழியாகப் பலகைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் இடது பாதி ஒரு வரிசை.

முதலில் ஃபியூஸ். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி முழுசாகத் தெரிகிறது என்று விட்டுவிடக்கூடாது, மூடிக்குள் கம்பி விட்டிருந்தால் வெளியே தெரியாது. கழற்றி வெளியே வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். மாட்டியபடியே பார்த்தால் வேறு வழியாகச் சுற்றிவந்து மீட்டர் 'பீப்' அடித்து ஏமாற்றும். ஃபியூஸைப் பிடித்திருக்கிற கிளிப் தளர்ந்திருக்கிறதா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

ஃபியூஸ் சரி என்றால், என் அனுபவத்தில் அடுத்து கை வைக்க வேண்டிய இடம் கனெக்டர். சில வருஷம் முன்னால் சீசன் சமயம் இதே மாதிரி ஒரு மெஷினைப் பார்க்கப் போனேன். வெளியே சாரல், கடைக்குள் ஈரக் காற்று. பின்பெட்டியைத் திறந்ததும் கருகின வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய நைலான் கனெக்டர், எண்ணெயில் அதிகம் கிடந்துவிட்ட கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி பழுப்பேறி, நடுவில் இரண்டு பின் இருக்கிற இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. மெல்லப் பிடித்து இழுத்தேன், பாதி கையோடு வந்தது, மீதி போர்டிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது. போர்டில் வேறு ஒன்றுமே கெடவில்லை.

ஏன் கருகுகிறது என்று கணக்குப் போட்டால் புரிந்துவிடும். இதில் போடுகிற 44ஆம் நம்பர் பல்பு ஒன்று 250 மில்லி ஆம்பியர் இழுக்கும். பதினாறு பல்புக்கு 4 ஆம்பியர். அந்த 4 ஆம்பியரும் ஒரே பின் வழியாகப் போகிறது என்று வையுங்கள். பின்னும் அதைப் பிடிக்கிற கிளிப்பும் புதிதாக இருக்கும்வரை கவலை இல்லை. வருஷக்கணக்கில் ஈரமும் அதிர்வும் பட்டு அந்த இணைப்பில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டால் போதும், அங்கே 1.6 வாட் சூடு பிறக்கும். ஒரு 44 பல்பு எடுக்கிற மொத்தச் சக்தியே ஏறக்குறைய 1.6 வாட்தான். ஆக, எரிகிற பல்பு ஒன்றை அந்தக் கனெக்டருக்குள் வைத்து மூடின கதை. சூட்டில் கிளிப் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடு. கடைசியில் ஒருநாள் வெளிச்சம் போகும்.

இதைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். கொஞ்சமாவது எரிகிற நிலையில், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் போர்டின் பின்னிலும் மறுமுனையை அதே பின்னிலிருந்து போகிற வயரின் உலோகத்திலும் வையுங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் உங்கள் வெளிச்சம் அங்கேதான் தொலைகிறது. முழுக்க இருட்டாக இருந்தால், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் தொடங்கி ஃபியூஸுக்கு முன், ஃபியூஸுக்குப் பின், கனெக்டர், பல்பு ஹோல்டர் என்று படிப்படியாக 6.3 எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். எந்தப் படியில் காணாமல் போகிறதோ அதுதான் இடம். எரியும்போது அளப்பதால் ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே ஃப்ளிப்பர் காயிலுக்குப் போகிற 50, 70 வோல்ட் டிசியும் இருக்கும். மீட்டர் முனை வழுக்கி இரண்டையும் தொட்டுவிட்டால் உண்மையிலேயே போர்டு போய்விடும்.

சரி செய்யும்போது இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். போர்டில் நிற்கிற பின்னும் புதிது, வயரில் இருக்கிற கிளிப்பும் அதை மூடின நைலான் கூடும் புதிது. கருகின பின்னில் புதுக் கிளிப்பை மாட்டினால் ஆறு மாதத்தில் அதுவும் கருகும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் பின்னுக்குப் பின் 3.96 மி.மீ. இடைவெளி உள்ளது என்று சொல்லிக் கேளுங்கள், சும்மா கனெக்டர் என்றால் 2.54 மி.மீ. சின்னதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வயரைக் கறுத்த இடத்தோடு விடாமல், செம்பு பளபளவென்று தெரியும்வரை வெட்டிப் பின்னுக்குப் போங்கள், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. கனெக்டரே வேண்டாம் என்று வயரை நேராகப் போர்டில் பற்றவைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சம் வரும், ஆனால் அடுத்த தடவை போர்டைக் கழற்றுகிறவர் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள்.

மாற்றி முடித்ததும் 44க்குப் பதில் 47ஆம் நம்பர் பல்பு போடுங்கள். அதே 6.3 வோல்ட், அதே மூடி, ஆனால் 150 மில்லி ஆம்பியர்தான். வெளிச்சம் ஒரு பிடி குறையும். ஆனால் 4 ஆம்பியர் 2.4 ஆகிவிடும், அந்த இணைப்பில் பிறக்கிற சூடு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். பின்பெட்டியின் படம் வரைந்த கண்ணாடியில் வண்ணம் உரிவதும் குறையும்.

*

ஐயா, எங்கள் ஊர் உவரி. வீட்டில் மாமா கொண்டுவந்த மெஷின் இருக்கிறது. குண்டு போய் மோதும்போது சில விளக்கு எரிகிறது, அடுத்த மோதலில் அணைகிறது. பல்பைத் திருகினால் கொஞ்ச நேரம் எரியும். ஹோல்டர் எல்லாம் பச்சையாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
— உவரி வாசகி

விடவே கூடாது அம்மா, எந்த எண்ணெயும் வேண்டாம். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம். பலகைக்கு அடியில் சுவிட்சுகளில் பொறி பறக்கும், ஸ்ப்ரே தீப்பிடிக்கிற சாமான். எண்ணெயோ தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீங்கள் பார்க்கிற பச்சை, செப்புக் குடத்தில் பிடிக்கிற அதே களிம்பு. கடற்காற்றில் உப்பு இருப்பதால் உங்கள் ஊரில் சீக்கிரம் ஏறும். 80 கிராம் எஃகு குண்டு ஒவ்வொரு தடவை மோதும்போதும் பலகை அதிருகிறது, களிம்புக்கு நடுவே எங்கோ ஒரு புள்ளியில் உலோகமும் உலோகமும் தொட்டால் எரிகிறது, விலகினால் அணைகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல்பைக் கழற்றி, அதன் அடியில் இருக்கிற ஈயப் பொட்டையும் பக்கவாட்டுப் பித்தளையையும் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேயுங்கள். பிறகு நைஸான உப்புத் தாளைப் பென்சிலில் சுற்றி ஹோல்டருக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றுங்கள். தூளை ஊதாமல் பிரஷ்ஷால் வெளியே எடுங்கள். பாதி ஹோல்டர் இதிலேயே திருந்திவிடும்.

திருந்தாத பாதிக்குத்தான் முக்கியமான விஷயம், பலருக்குத் தெரியாது. ஹோல்டரைக் கையில் எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வயர் பற்றவைத்திருக்கிற காதும் பல்பு உட்காருகிற குழலும் ஒரே உலோகத் துண்டு இல்லை. இரண்டையும் வைத்துக் குடையாணி மாதிரி நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கலுக்கு உள்ளே களிம்பு ஏறிவிட்டால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பிரயோஜனம் இல்லை. மீட்டரின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் குழலின் உட்சுவரிலும் வைத்து ஹோல்டரை லேசாக ஆட்டுங்கள், எண் தாவினால் வியாதி அதுதான். காதிலிருந்து குழலுக்கு ஒரு சின்ன ஈயப் பாலம் போடுங்கள், அல்லது துண்டு வயரை இரண்டிலும் பற்றவையுங்கள். குழலின் அந்த இடத்தை முதலில் பளிச்சென்று சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, சால்டரிங் அயர்ன் நன்றாகச் சூடானபின் வைத்தால் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடிப் பிடிக்கும், முத்து முத்தாக உருண்டால் சூடு போதவில்லை என்று அர்த்தம். நடுப்புள்ளியை அழுத்துகிற ஸ்பிரிங் துருப்பிடித்துத் தொய்ந்துவிட்ட ஹோல்டரை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள், அதற்கு வைத்தியம் கிடையாது.

பேட்டரி இருக்கிற போர்டையும் அப்படியே ஒரு பார்வை பாருங்கள். பழைய பேட்டரி கக்கியிருந்தால் அந்தக் காரம் போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும், விளக்கைவிட அது அவசரம்.

*

சார், நான் பாளையங்கோட்டையில் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். நண்பன் வீட்டு மெஷினில் ஆட்டத்தில் எரிகிற விளக்குகளில் எட்டு மட்டும் எரியவில்லை. எட்டும் ஒரே இடத்தில் இல்லை, பலகையில் அங்கொன்று இங்கொன்றாக இருக்கின்றன. இது எப்படி?
— மாணவர்

நல்ல கேள்வி தம்பி, எட்டு என்று எண்ணிச் சொன்னதிலேயே பாதி விடை வந்துவிட்டது.

64 விளக்குக்கு 64 வயர் இழுக்காமல், எட்டுத் தெரு, தெருவுக்கு எட்டு வீடு என்று ஊர் மாதிரி அமைத்திருக்கிறார்கள். நெடுக்கு வயர் தெரு, குறுக்கு வயர் வீட்டு எண். ஐந்தாம் தெருவுக்கு மின்சாரம் கொடுத்து மூன்றாம் எண்ணைத் தரையோடு இணைத்தால் அந்த ஒரு விளக்கு மட்டும் எரியும். கம்ப்யூட்டர் எட்டுத் தெருவையும் ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பலகையில் எங்கெங்கோ இருக்கிற விளக்குகள் வயரில் ஒரே தெருவாக இருக்கும். உங்கள் எட்டு விளக்கும் ஒரே தெருவா, ஒரே வீட்டு எண்ணா என்று மெஷினின் மேனுவலில் இருக்கிற கட்டத்தில் குறித்துப் பாருங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. வில்லியம்ஸ் கம்பெனியின் 1990களின் மெஷின்களில் இந்த விளக்குகளுக்கு 18 வோல்ட் வரும், பல்போ 6.3 வோல்ட் பல்பு. கருகிவிடாதா? எட்டு நேரத்தில் ஒரு நேரம்தான் அதற்கு மின்சாரம். 18ஐ எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள், 6.36 வரும். பல்புக்கு வேண்டியது கிட்டத்தட்ட அதேதான். விட்டுவிட்டு வருகிற மின்சாரம் எத்தனை வோல்ட் சீரான மின்சாரத்துக்குச் சமமாகச் சூடேற்றும் என்கிற கணக்கை வகுப்பில் ஆர்எம்எஸ் என்று படிக்கும்போது இந்தப் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டும் ஒரே வரிசை என்றால் முதலில் கனெக்டர் பின், அதன் அடியில் ஈயம் வட்டமாக வெடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மறுபடி சூடாக்கிப் புது ஈயம் விட்டாலே பல சமயம் சரியாகிவிடும். அடுத்து வயர் எங்காவது அறுந்திருக்கிறதா. ஒரு ஹோல்டரிலிருந்து அடுத்த ஹோல்டருக்கு வயர் சங்கிலியாகப் போகும், முதல் ஹோல்டரில் விட்டால் எட்டும் போகும், ஐந்தாவதில் விட்டால் கடைசி நாலு மட்டும் போகும். இதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம்தான் ட்ரான்சிஸ்டர். வில்லியம்ஸ் மெஷின் என்றால் தெருப் பக்கம் டிப் 107, எண் பக்கம் டிப் 102. ட்ரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட் ஆனால் இதற்கு நேர்மாறாக நடக்கும், எட்டும் அணையாமல் அளவுக்கு மீறிப் பளீரென்று எரியும். அப்படிக் கண்டால் உடனே ஆஃப் செய்யுங்கள்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் போர்டுப் பக்கமே போக வேண்டாம். பல்பு, ஹோல்டர், அதன் காலில் இருக்கிற 1என்4004 டையோடு, இந்த மூன்றில் ஒன்றுதான். டையோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும்: மீட்டரின் டையோடு நிலையில் ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை, மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. திருப்பி மாட்டும்போது கோடு இருக்கிற முனை பக்கத்து விளக்கில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம்.

*

எல்இடி போட்டால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்கிறார்களே? நான் போட்டேன், 1970களின் கடைசியில் வந்த மெஷின், விளக்கெல்லாம் நடுங்குகிறது.
— மேலப்பாளையம் வாசகர்

கரன்ட் குறையும், சூடு குறையும், கனெக்டர் பிழைக்கும். நானே சிபாரிசு செய்வேன். ஆனால் களிம்பு பிடித்த ஹோல்டரில் எல்இடி போட்டாலும் அது களிம்பு பிடித்த ஹோல்டர்தான்.

உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் வேறு பாய். அந்த வயது மெஷின்கள் பலவற்றில் விளக்கை இயக்குவது ட்ரான்சிஸ்டர் இல்லை, எஸ்சிஆர் என்கிற வேறு வகை எலக்ட்ரானிக் சுவிட்ச். தன் வழியாக ஓரளவு கரன்ட் ஓடினால்தான் அது திறந்த கதவைத் திறந்தே வைத்திருக்கும். பழைய பல்பு 250 மில்லி இழுத்தது, கவலை இல்லை. எல்இடி இழுப்பது அதற்குப் போதவில்லை, அதனால் எஸ்சிஆர் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது. ஹோல்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துப் பாருங்கள், நின்றுவிடும். விளக்குக்கு ஒன்று வீதம் வைக்க வேண்டும், உட்கார்ந்து செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

நிறத்தில் மஞ்சள் சாய்ந்த வெள்ளையை வாங்குங்கள். டியூப்லைட் வெள்ளையைப் பழைய படக் கண்ணாடிக்குப் பின்னால் போட்டால் சிவப்பும் ஆரஞ்சும் செத்துப் போகும், எனக்குப் பார்க்கவே மனசு கேட்காது. வண்டி ஸ்பேர்ஸ் கடையில் வாங்குவதானால் வோல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். மூடி கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் 12 வோல்ட், இங்கே மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது.

*

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா, இல்லை வயர் கம்பி ஒன்றைச் சுற்றிவிடலாமா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

வேண்டாம். மெஷின் முழுக்க மரப்பெட்டி. 5 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (கொஞ்சம் தாமதித்துப் போகிற ரகம்) என்று எழுதியிருந்தால் அதேதான். ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ இரண்டு வயர் உரசுகிறது, பெரும்பாலும் ஏதாவது ஒரு ஹோல்டரின் காது வளைந்து பக்கத்து வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வரிசையின் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள், அப்போதும் ஷார்ட் காட்டினால் பலகையைத் தூக்கி ஒவ்வொரு ஹோல்டராக விலக்கிக்கொண்டே வாருங்கள்.

*

என் மாமியார் இதைச் சூதாட்ட மெஷின் என்கிறார். உண்மையா அண்ணாச்சி?
— வண்ணார்பேட்டை வாசகி

அவர் சொல்வதில் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது தங்கச்சி. நியூயார்க் நகரத்தில் 1942 முதல் 1976 வரை சூதாட்டம் என்று சொல்லித்தான் இதைத் தடை செய்து வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் ஃப்ளிப்பர் கிடையாது, குண்டு விழுகிற இடத்தில் விழும். 1947இல் காட்லீப் கம்பெனி ஃப்ளிப்பர் வைத்த பிறகுதான் கைத்திறமைக்கு இடம் வந்தது. 1976இல் ஒருவர் அதிகாரிகள் முன்னால் குண்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டினார், தடை நீங்கியது. மாமியாரையே ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள்.

*

நாங்குநேரி பக்கம் கிராமம். பகலில் மெஷின் நன்றாக எரிகிறது, சாயங்காலம் ஆனதும் பொது வெளிச்சம் மட்டும் மங்கிவிடுகிறது. ஆட்டத்தில் கோளாறு எதுவும் இல்லை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிறது.
— நாங்குநேரி வாசகர்

மெஷினில் கை வைக்காதீர்கள் ஐயா, கோளாறு கரன்ட்டில். சாயங்காலம் ஊரெல்லாம் சுவிட்ச் போடும்போது வோல்ட் இறங்குகிறது. கம்ப்யூட்டர் போர்டுக்குப் போகிற 5 வோல்ட்டைச் சீராக்க உள்ளேயே ஏற்பாடு இருக்கிறது, அதனால் ஆட்டம் கெடவில்லை. பொது வெளிச்சத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, லைனில் எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் அங்கும் குறையும். 230 வோல்ட் 190 ஆனால் 6.3 வோல்ட் 5.2 ஆகிவிடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாக இறங்குகிற சுபாவம் உள்ளது, அந்த 5.2இல் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம்தான் மிஞ்சும்.

ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள், 500 விஏக்குக் குறையாமல். அதற்கு முன்னால் மெஷின் 115 வோல்ட்டுக்குக் கட்டியதா, 230க்கா என்று ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததில் பலவற்றுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றி 230க்குக் கொண்டுவரலாம், அப்படி மாற்றினால் மெயின் ஃபியூஸையும் மேனுவல் சொல்கிறபடி சின்னதாக்க வேண்டும். இதை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இப்போதைக்கு மதியம் இரண்டு மணி, சாயங்காலம் ஏழு மணி, இரவு பத்தரை மணி, மூன்று நேரமும் பிளக் பாயிண்டில் வோல்ட் எவ்வளவு என்று மூன்று நாள் எழுதி அனுப்புங்கள், எந்த ரக ஸ்டெபிலைசர் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.